இரண்டாவது அடுப்பு

இப்படித் தள்ளி உக்காருங்க எம்மா, சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு வெயிலு ஆவாது. பையை மடியில வச்சுக்கிடுங்க. இந்தத் தூக்குவாளி சூடா இருக்கும், கையில பட்டுறாம. தூத்துக்குடிக்கா? நானும் அங்கதான். தாலுகா ஆபீஸ் ஸ்டாப்பு வந்தா ஒரு குரல் குடுங்க. கண்டக்டர் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன், ஆனா அவன் போனைப் பாத்துக்கிட்டே விசில் அடிக்கான், அவனை நம்பி உக்காந்தா நான் சென்னையிலதான் இறங்கணும்.

எதுக்கு தாலுகா ஆபீஸுன்னு கேக்க மாட்டியளா? நீங்க கேக்காட்டாலும் நான் சொல்லத்தான் போறேன், பேசாம இருந்தா எனக்கு வாந்தி வரும், பஸ்ஸுல எப்பவும் அப்படித்தான். விசயம் இதுதான். ஒரு வீட்டை ரெண்டு வீடுன்னு எழுதி வாங்குறதுக்கு அந்த ஆபீஸுக்கு நடையா நடந்தேன். இப்ப அந்த ரெண்டு வீட்டை மறுபடி ஒரு வீடுன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கப் போறேன். சிரிக்காதிய. சிரிக்கியளே. சரி, சிரிங்க, எங்க வீட்டு அவியளே கேட்டா சிரிப்பாவ.

நீங்க கடற்கரைப் பக்கத்து ஆளு இல்லன்னு பாத்தாலே தெரியுது. அப்போ முதல்ல இருந்து சொல்லுதேன். சித்திரை பொறந்ததும் எங்களுக்குக் கடலை அடைச்சிருவாவ. கதவு போட்டு அடைக்க முடியுமா, சட்டம் போட்டு அடைப்பாவ. மீனு குஞ்சு பொரிக்கிற காலம், விசைப்படகு போகக்கூடாது. ரெண்டு மாசம் தடைக்காலம். நல்லதுக்குத்தான், நான் குத்தம் சொல்லல. மீனுக்கு அது பிள்ளைப்பேறு. எங்க ஆம்பளையளுக்கு அது வீட்ல இருக்கிற காலம். மீனு அங்கன நிம்மதியா இருக்கும், இங்கன பொம்பளையளுக்கு உசிரு போவும்.

எங்க வீட்டு அவிய இருக்காவளே, பேரு கஸ்பார், ரேசன் கார்டுல அச்சடிச்சிருக்கு, அதனால சொல்லலாம். கடல்ல இருக்கிறப்போ தங்கமான மனுசன். தடைக்காலம் வந்துட்டா ஒவ்வொரு பானையா மூடியைத் திறந்து பாப்பாவ. கட்டிலை அந்தச் சுவத்துல போட்டா என்னம்பாவ. நான் தூத்த வாரியல் எடுத்தா, இப்படியா தூப்பாவன்னு நின்னு பாப்பாவ. விசைப்போட்டுல டிரைவர் சொல்லுற பேச்சைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் என்னைப் போட்டுன்னு நினைச்சு ஓட்டப் பாப்பாவ. ரெண்டு மாசமும் எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை கூடுதலா வேணும்.

இந்தச் சும்மா இருக்கிற காலத்துக்குத்தான் அரசாங்கம் நிவாரணம் குடுக்கு. வேலை இல்லாத காலத்துல அடுப்பு எரியணும்லா. ஆனா அது ஆளுக்கு இல்ல, குடும்பத்துக்கு. ஒரு கார்டு, ஒரு குடும்பம், ஒரு நிவாரணம். எங்க வீட்டுல போட்டுக்குப் போற ஆம்பளை ரெண்டு பேரு. எங்க வீட்டு அவிய ஒண்ணு, என் கொழுந்தன் வின்ஸ்டன் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே போட்டு. ரெண்டு பேரும் சங்கத்துல மெம்பரு. கடலை அடைச்சா ரெண்டு பேருக்குந்தான் வேலை போவுது. ஆனா கார்டு ஒண்ணு, அதனால நிவாரணமும் ஒண்ணு.

வின்ஸ்டன் ஒத்தக்கட்டையா இருந்தவரைக்கும் அது பெருசாத் தெரியல. நான் கல்யாணமாகி வந்தப்போ அவன் மூக்கு ஒழுகிக்கிட்டு நின்ன பய. மாமியார் இல்லாத வீடு. நான்தான் சோறு போட்டு ஆளாக்கினேன். என்னைக் கேட்டியன்னா அவன் எனக்கு மூத்த பிள்ளை மாதிரி. அதுக்கப்புறம் அவனுக்கு ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டி வச்சதும் நான்தான். பொண்ணு பேரு பெர்லின். ஆமா, ஊரு பேரேதான், அவ அப்பா கப்பல்ல வேலை பாத்தவரு, ஜெர்மனி வரைக்கும் போயிட்டு வந்த மறுமாசம் பிள்ளை பொறந்துச்சாம். நல்ல பிள்ளை. வாய் பேசாது. ஒரு குத்தம் சொல்லணும்னா, அடுப்படி வேலை மட்டும் வராது.

வராதுன்னு எப்படித் தெரியும்னு கேக்கியளா? நான் விட்டாத்தானே வரும். பாவம், சின்னப்பொண்ணு, புகையில எதுக்குக் கெடக்கணும்னு வெங்காயம் உரிக்க மட்டும் விடுவேன். ஒரு மூலையில உக்காந்து உரிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருப்பா. ஒரு நாள் தெரியாத்தனமா குழம்புல தேங்காப்பாலை ஊத்திட்டா. அவ அம்மா வீட்டு முறையாம். நான் ஒண்ணும் சொல்லல எம்மா, மாதா மேல சத்தியம். அப்படியே கொண்டு போயி பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டு வேற குழம்பு வச்சேன். ஒரு வார்த்தை திட்டல. இந்தக் காலத்துல எந்த ஓரகத்தி அப்படி இருப்பா?

அவ கல்யாணமாகி வந்த முதல் தடைக்காலம் அது. நிவாரணம் எங்க வீட்டு அவிய பேருல வந்துச்சு, வின்ஸ்டனுக்கு ஒண்ணும் இல்ல. சங்கத்துல போயிக் கேட்டதுக்கு, கல்யாணம் ஆனா போதாது, கார்டு தனியா இருக்கணும்னு சொல்லிட்டாவ. பய என்ன செஞ்சான், சொல்லாம கொள்ளாம உப்பளத்துக்கு வேலைக்குப் போயிட்டான். கடல் தண்ணியில கெடந்த காலு வேற, உப்பளத் தண்ணியில கெடக்கிற காலு வேற. பாதமெல்லாம் வெடிச்சு, ராத்திரி காலை மடக்க முடியாம உக்காந்திருந்தான். பெர்லின் எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தா. எனக்கு மனசு கேக்கல. இதுல கூத்து என்னன்னா, நிவாரணம் வாங்குறவன் வேற வேலைக்குப் போகக்கூடாதாம். இவனுக்கு நிவாரணம் இல்ல, அதனால வேலைக்குப் போனான். வேலைக்குப் போனதால, இவன் மீனவன்தானான்னு சங்கத்துல ஒருத்தரு கேட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த சித்திரைக்குள்ள இவனுக்குத் தனிக் கார்டு எடுக்கிறதுன்னு.

யோசனை என்னோடது. அதை மறந்துறாதிய. பெர்லின் சொல்லல, வின்ஸ்டன் சொல்லல. நான்தான் சொன்னேன், சும்மா பேருக்குப் பிரிவோம், கார்டுல மட்டும் ரெண்டு வீடு, சட்டியில ஒரே வீடுன்னு. கஸ்பார் என்னைப் பாத்து, இதெல்லாம் வெளையாட்டு இல்லட்டின்னு ஒரு வார்த்தை சொன்னாவ. சும்மா இருங்க, உங்களுக்குத் தடைக்காலத்துலகூட மூளைக்கு லீவு கிடையாதான்னு வாயை அடைச்சேன்.

தனிக் கார்டு கேட்டா விசாரணைக்கு வருவாவ. என்னத்தைப் பாப்பாவ? அடுப்பைப் பாப்பாவ. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டு குடும்பம், அவ்வளவுதான் கணக்கு. எங்க தெருவுல எல்லாருக்கும் இது அத்துப்படி. எங்க தெருவுக்குன்னு ஒரு அடுப்பு இருக்கு, தெரியுமா? மூலை வீட்டு சலேத்தம்மா வச்சிருக்கிறது, ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு. யாரு வீட்டுக்கு விசாரணை வருதோ அந்த வீட்டுக்கு அது போவும். கூடவே ஒரு சட்டி, ஒரு உப்பு டப்பா, கரி புடிச்ச ஒரு கரித்துணி. வீட்டுல மீனு இல்லாட்டாலும் அந்த அடுப்பு மேல ஒரு குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும். கோயில் சப்பரம் மாதிரி தெருத்தெருவா போயிட்டு வரும் அது.

ஆனா அந்தத் தடவை வந்த மேடம் புதுசு. சின்னப் பொண்ணுதான், கண்ணாடி போட்டிருந்தா. எங்களுக்கு முன்னால மூணு வீடு தள்ளி விசாரணை. அந்த மேடம் அடுப்பைக் குனிஞ்சு பாத்துச்சாம். பாத்துட்டு, இந்த அடுப்பை நான் போன வாரமும் இந்தத் தெருவுல பாத்தேனே, இந்த நெளிவு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அடுப்புக்குத்தான் ஒரு கார்டு போட்டுக் குடுக்கணும் போலன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு எழுந்து போயிருச்சாம். அந்த வீட்டுக்குக் கார்டு கிடைக்கல. தெருவே ஆடிப்போச்சு.

நான் ஆடல. பெர்லினைக் கூப்பிட்டு, பிள்ள, தெரு அடுப்பு இனி உதவாது, என்ன செய்வோம்னு யோசிச்சேன். அவ உள்ள போயி கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு பெட்டியை இழுத்தா. பிரிக்காத புது அடுப்பு. கல்யாணத்துக்கு அவ அம்மா வீட்டுல குடுத்ததாம். எனக்குத் தெரியவே தெரியாது பாத்துக்கிடுங்க. அது கூடவே ஒரு சின்னக் குக்கர், கரண்டி, அஞ்சறைப்பெட்டி, எல்லாம் துணியில பொதிஞ்சு வச்சிருந்தா. என்ன ஒரு முன்யோசனை பாத்தியளா! இப்படி ஒரு நாள் விசாரணை வரும்னு கல்யாணத்தன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

வீட்டுக்குப் பின்னால வலை போட்டு வச்சிருந்த சாய்ப்பை, சுவத்தை ஒட்டின சின்னக் கொட்டகைதான், ஒழிச்சுக் குடுத்தோம். அங்கன அடுப்பை வச்சா. புது அடுப்புன்னா மேடத்துக்குச் சந்தேகம் வரும், கொஞ்சம் அழுக்காக்குன்னு சொன்னேன். அவ அன்னைக்கே அதுல சமைக்க ஆரம்பிச்சா. வேசத்துக்குத்தான். வின்ஸ்டன் வந்து சாய்ப்புக்குள்ள தரையில உக்காந்து சாப்பிட்டான். ரெண்டு பேரும் என்னத்தையோ சொல்லிச் சிரிச்சது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. நானும் சிரிச்சேன். வேசம் நல்லா வருதேன்னு.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்ல. அடுப்பு மட்டும் போதாது, சண்டை வேணும். ஏன் பிரிஞ்சியன்னு கேட்டா என்ன சொல்லுவாவ? ஒரே வீட்டுல ஒட்டும் ஒறவுமா இருந்துக்கிட்டு ரெண்டு அடுப்புன்னா எவ நம்புவா? நடிப்பு எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல எம்மா. எங்க ஊருல தவக்காலத்துல பாஸ்கு நாடகம் போடுவாவ, ஆண்டவரு சிலுவை சுமந்து போற நாடகம். கல்யாணத்துக்கு முந்தி நான் அதுல வெரோனிக்காளா நடிச்சவ. ஆண்டவரு முகத்தைத் துடைக்க நான் துணியை நீட்டுனப்போ முன்வரிசையில சாமியாரே மூக்கை உறிஞ்சினாரு. கண்ணுல தண்ணி வரணும்னு கைக்குள்ள உரிச்ச வெங்காயத்தை வச்சிருந்தது வேற விசயம்.

அதனால பெர்லினுக்கு நானே வசனம் சொல்லிக் குடுத்தேன். நான், என் அடுப்புல நீ கை வைக்காதம்பேன். நீ, உங்க சோறு எனக்கு வேண்டாம்னு சொல்லணும். அவ்வளவுதான். கூட ரெண்டு வார்த்தை வேணும்னா சேத்துக்கோன்னேன். அவ, எனக்குச் சண்டை போட வராதே அக்கான்னு தரையைப் பாத்தா. சும்மா மனசுல தோணுறதைச் சொல்லு பிள்ளன்னு தைரியம் குடுத்தேன்.

மேடம் வந்த அன்னைக்குக் கடல்ல காத்துன்னு சொல்லி யாருக்கும் போட்டு எடுக்க டோக்கன் குடுக்கல. ஆம்பளைய ரெண்டு பேரும் வீட்டுலதான். மேடம் வாசல்ல செருப்பைக் கழட்டுறதைப் பாத்ததும் நான் தொடங்கிட்டேன். என் அடுப்புல கை வைக்காதன்னு தெருமுனை வரைக்கும் கேக்கும்படி ஒரு சத்தம் போட்டேன். பெர்லின் வாயைத் திறக்கல. வசனம் மறந்துட்டா போலன்னு கண்ணைக் காட்டினேன். வின்ஸ்டன் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கான். மேடம் பேனாவைத் திறந்துக்கிட்டு நிக்கு.

அப்புறம் பேசினா. சத்தம் போட்டுப் பேசல. அதுதான் நடிப்பு, பாத்துக்கிடுங்க.

"அக்கா, இந்த வீட்டுக்கு வந்த நாளா நான் ஒரு சட்டியை இறக்கி வச்சதில்ல. நான் போட்ட உப்பு மேல நீங்க மறுபடி உப்பு போடுதிய. அவருக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும், நான் தெரிஞ்சுக்கிட எனக்கு இடமே இல்ல. விருந்துக்கு வந்தவ மாதிரி நான் எம்புட்டு நாளுதான் உக்காந்து சாப்பிட?"

நான் சொல்லிக் குடுத்த வசனம் இதுல ஒண்ணுகூட இல்ல எம்மா. எல்லாம் அவளாக் கோத்துக் கோத்துச் சொல்லுதா. கண்ணுல இருந்து தண்ணி அப்படியே இறங்குது. எனக்கு வெங்காயம் வேண்டியிருந்துச்சு, இவளுக்கு அதுவும் வேண்டாம். அந்தத் தேங்காப்பால் குழம்பைக்கூட விடல. நான் ஆசையா வச்ச குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தியன்னா. அதெல்லாம் எப்பவோ நடந்தது, எங்கேயோ ஞாபகம் வச்சிருந்து சரியான இடத்துல எடுத்துப் போட்டா பாருங்க.

நானும் விட்டுருவேனா? நேத்து வந்தவ நீ, இவனைச் சின்னதுல இருந்து சோறூட்டி வளத்தவ நான், ஒரு நாளு என் கையால சாப்பிடலன்னா அவனுக்குத் தூக்கம் வராதுன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. நடிக்கும்போது அப்படி வரும், நல்ல நடிகைக்கு அப்படித்தான் வரும். வின்ஸ்டனைப் பாத்து, நீ சொல்லுல, யாரு சோறு வேணும் உனக்குன்னு கேட்டேன். அது திட்டத்துல இல்ல, எனக்கே வாயில வந்துருச்சு. அவன் மெதுவா நடந்து போயி சாய்ப்பு வாசல்ல அவ பக்கத்துல நின்னான். மைனி, மன்னிச்சுக்கிடுங்கன்னு மட்டும் சொன்னான். பய எம்புட்டு நல்லா நடிச்சான் தெரியுமா. கஸ்பார் இருக்காவளே, பாக்க மாட்டாம எழுந்து கடற்கரைக்குப் போயிட்டாவ.

மேடம் அடுப்பைக் குனிஞ்சுகூடப் பாக்கல. பெர்லினை உக்கார வச்சு, குடிக்கத் தண்ணி குடுத்து, அப்புறம் என்கிட்ட வந்து சொல்லுது, "அம்மா, இந்தத் தெருவுல நான் பாத்ததுலயே நிஜமான ரெண்டு வீடு உங்களுதுதான்." எனக்குக் கைதட்டு வாங்கின மாதிரி இருந்துச்சு. படிச்ச பிள்ளையையே நம்ப வச்சுட்டோமே. அன்னைக்குச் சாயங்காலம் பெர்லினைக் கூப்பிட்டு, பிள்ள, நீ எங்க ஊரு பாஸ்குல நடிக்க வேண்டியவன்னு சொன்னேன். அவ என்னையே பாத்தா. பாத்துட்டு, அக்கா, காபி போடட்டுமான்னு கேட்டா. சாய்ப்புக்குள்ள போயி அவ அடுப்புலதான் போட்டா.

கார்டு வந்துச்சு. சித்திரையும் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் நிவாரணம் வந்துச்சு. வின்ஸ்டன் உப்பளத்துப் பக்கமே போகல, காலு வெடிக்காம வெள்ளையா இருந்துச்சு, பாக்கவே சந்தோசமா இருந்துச்சு எனக்கு. என் யோசனைலா. சரி, நிவாரணம் வாங்கியாச்சு, இனி அடுப்பைக் கட்டிலுக்கு அடியில வச்சிரலாம்னு நான் சொன்னேன். இருக்கட்டும் அக்கா, தடைக்காலம் முடியட்டும்னா. ஆளு வந்து பாத்தாலும் பாப்பாவன்னு நானும் சரின்னுட்டேன். தடைக்காலம் முடிஞ்சு போட்டு போச்சு. மாதா கோயில் கொடியேறட்டும் அக்கான்னா. கொடி ஏறி இறங்கியும் போச்சு. இன்னும் அந்த அடுப்பு அங்கனதான் எரியுது.

எனக்கு எப்போ சுருக்குன்னு தைச்சுச்சுன்னு சொல்லுதேன். போட்டுல போறவியளுக்கு வீட்டுக்குன்னு கறிமீனு குடுப்பாவ. பங்கு வேற, கறிமீனு வேற. அது குழம்புக்கு, ஆளுக்கு ஒரு பை. முன்னாடி ரெண்டு பையும் என் கையிலதான் வந்து விழும், நான் ஒரே சட்டியில போடுவேன். தடைக்காலம் முடிஞ்சு முதல் நாளு போட்டு வந்துச்சு. கஸ்பார் பை என்கிட்ட வந்துச்சு. வின்ஸ்டன் வாசல் வரைக்கும் வந்தான், பழக்கத்துல என் பக்கம் கையை நீட்டினான், அப்புறம் நினைச்சுக்கிட்டு பையை இழுத்துக்கிட்டான். இழுத்துக்கிட்டு சாய்ப்புக்குப் போனான். அந்தப் பைக்குள்ள சாளை மீனுதான் இருந்துச்சு, பெருசா ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. சும்மா சொல்லக்கூடாது, அழுதுட்டேன். வெங்காயம் இல்லாமத்தான்.

கஸ்பார்கிட்ட, வேசம் போட்டதை இன்னும் கலைக்காம இருக்காவளே, இது என்ன நியாயம்னு கேட்டேன். அவிய பீடியைக் கீழ போட்டுட்டு, ஏட்டி, அன்னைக்கு அந்த முற்றத்துல நடிச்சது நீ ஒருத்திதான்டின்னாவ. இவியளுக்கு நடிப்புன்னா என்ன தெரியும்? நாடகம் போட்டா முதல் காட்சியிலயே தூங்கிருவாவ. இப்போ அவிய என்ன செய்யுதாவ தெரியுமா? காலையில அடுப்பு சரியா எரியுதான்னு பாத்துட்டு வாரேன்னு சாய்ப்புக்குப் போயி ரெண்டு தோசை தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து என் இட்லிக்கு உக்காருதாவ. வாயில தேங்காச் சட்னி ஒட்டியிருக்கு. நான் சட்னிக்குத் தேங்காயே போடுறதில்ல.

அதான், இன்னைக்கு யாருகிட்டயும் சொல்லாம கிளம்பிட்டேன். ஆபீஸுல போயி உள்ளதைச் சொல்லிருவோம்னு. அது நாடகம், நாங்க ஒரே வீடுதான், கார்டைச் சேத்து எழுதுங்க, அந்தப் பிள்ளைக்கு நிவாரணம் இல்லாட்டாப் போவுது, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுவேன். அந்த மேடம் என்ன சொல்லும்? திட்டுமா? திட்டட்டும். கேட்டா கண் ஆஸ்பத்திரிக்குன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். பெர்லின்தான் ஓடியாந்து பஸ்ஸுல ஏறப்போற நேரத்துல இந்தத் தூக்குவாளியைக் கையில திணிச்சா. டவுன்ல கடைச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கிடாது அக்கான்னா. நான் வேண்டாம்னு சொல்லுறதுக்குள்ள பஸ் எடுத்துட்டான்.

பஸ் ஏன் நிக்கு? ரயில்வே கேட்டு போட்டாச்சா. அப்போ ரயிலு போறவரைக்கும் நகராது. திறந்துதான் பாப்போமே, என்ன வச்சிருக்கான்னு. உப்பு இருக்கோ இல்லையோ. வாசம் வருதுலா? தேங்காப்பாலுதான். நான் சொன்னேன்ல, அவ திருந்த மாட்டா.

சோறு. குழம்பு. இது என்ன, தனியா ஒரு டப்பாவுல? மீனுத் துண்டு. ஐயோ, மீனை எனக்கு எதுக்கு வச்சா? நான் மீனு சாப்பிட மாட்டேன் எம்மா. ஆமா, மீனவ வீட்டுக்காரிதான், சிரிக்காதிய. ஒரு விருந்துல தொண்டையில முள்ளு மாட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தேன், அதுல இருந்து பயம். குழம்பை மட்டும் ஊத்திக்கிட்டு எழுந்துருவேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் போட்டுட்டு நான் கடைசியா அடுப்படியில உக்காந்து சாப்பிடுறவ, யாரு பாக்கா? கஸ்பாருக்கே தெரியாது. நான் மீனுதான் தின்னுக்கிட்டு இருக்கேன்னு இன்னைக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருக்காவ.

இருங்க. இந்தத் துண்டைப் பாருங்க. முள்ளே இல்ல. இதுலயும் இல்ல. இது சாளை எம்மா, உங்களுக்குத் தெரியாது, நூலு மாதிரி முள்ளு இருக்கும் இதுல. உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்திருக்கா. விடிய முந்தியே சாய்ப்புல வெளிச்சம் தெரிஞ்சுச்சு, என்னத்தைச் செய்யுதா இந்நேரத்துலன்னு நினைச்சேன்.

மூலையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாளே. இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

எனக்குன்னு யாரும் சமைச்சுப் போட்டதில்ல, பாத்துக்கிடுங்க. அம்மா வீட்டுல நான் மூத்தவ, அங்கயும் நான்தான் அடுப்படி. இங்கன வந்தும் நான்தான். நானே பொங்கி நானே போட்டு நானே கடைசியாத் தின்னு பழகிப் போச்சு. என் அடுப்படியில அவ இருந்திருந்தா இப்படி ஒரு வாளியை எனக்குக் கட்டிக் குடுத்திருப்பாளா? நான்தான் விட்டிருப்பேனா? இல்ல, கண்ணுல தூசி விழுந்துருச்சு, ரயிலு போவுதுல்லா.

உப்பு சரியா இருக்கு. தேங்காப்பாலு... பரவாயில்ல. பரவாயில்லன்னு என்ன, நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு அந்தக் குழம்பைப் பக்கத்து வீட்டுக்காரி சட்டியை வழிச்சு நக்கிட்டுக் குடுத்தா, அப்பவே நான் யோசிச்சிருக்கணும். நீங்க ஒண்ணு சொல்லுங்க எம்மா. அன்னைக்கு அவ பேசினது. நடிப்புதானே அது? நடிப்பாத்தான் இருக்கும். நீங்க ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டிய? சரி விடுங்க, சொல்ல வேண்டாம்.

பஸ்ஸு எடுத்துட்டான். அந்தா, அந்தக் கட்டடந்தானே? மஞ்சள் பெயிண்டு அடிச்சது. ஆமா, அதுதான் தாலுகா ஆபீஸ். வேண்டாம் எம்மா, கூப்பிடாதிய. தம்பி அடிக்கட்டும் விசிலு. பாதிச் சோறோட எப்படி இறங்க? கையெல்லாம் குழம்பா இருக்கு.

போவட்டும். பஸ் ஸ்டாண்டுலயே இறங்கிக்கிடுதேன். அங்கன மார்க்கெட்டு பக்கம் நல்ல மண்சட்டி விப்பாவ. அவ அலுமினியத்துல மீனு குழம்பு வைக்கா, அதுல வச்சா என்ன ருசி வரும்? ஒரு சட்டி வாங்கிக் குடுத்துட்டு எப்படிப் பழக்கணும்னு மட்டும் சொல்லிருதேன். சாய்ப்புக்குள்ள போக மாட்டேன். வாசல்ல நின்னு சொல்லுதேன். கண்ணு டாக்டர் என்ன சொன்னாருன்னு கேப்பா. எல்லாம் நல்லாத் தெரியுதாம்னு சொல்லிக்கிடுதேன்.

இந்தாங்க, நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கிடுங்க. சும்மா பயப்படாமச் சாப்பிடுங்க, முள்ளு இருக்காது.